ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்ட அமைச்சர்: ஒரு பழைய செதுக்குப் படத்தைப் பார்ப்பது எப்படி?

கம்பி போட்ட ஒரு ஜன்னல். கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகள் மட்டும் வெளியே நீண்டிருக்கின்றன. யாருடைய கைகள் என்று பார்த்தால் முகம் தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே கறுப்பு உடை அணிந்த ஒருவர் மண்டியிட்டுத் தலை கவிழ்ந்திருக்கிறார். நீண்ட ஆயுதங்களைப் பிடித்த காவலர்கள் அவருக்காகக் காத்து நிற்கிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் அவருடைய தலையை வெட்டப் போகிறார்கள்.

மண்டியிட்டிருப்பவர் ஸ்ட்ராஃபோர்ட் பிரபு. இயற்பெயர் தாமஸ் வென்ட்வொர்த். இங்கிலாந்தின் அரசர் முதலாம் சார்லஸுக்கு வலது கையாக இருந்த அமைச்சர். கைகளை நீட்டி ஆசீர்வதிப்பவர் கேன்டர்பரி பேராயர் வில்லியம் லாட். அவரும் கைதிதான். இடம் லண்டன் டவர் கோட்டை, நாள் 1641 மே 12. படத்தை வரைந்தவர் பால் டெலரோஷ் என்ற பிரெஞ்சு ஓவியர். 1835ல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதைப் பார்த்து உலோகத் தகட்டில் செதுக்கியவர் ஆன்ரிக்கெல் துய்போன். அந்தத் தகட்டிலிருந்து 1840ல் படங்கள் அச்சாகி வெளிவந்தன.

ஆக, ஒரே தாளில் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நடந்தது ஒரு காலம், வரைந்தது ஒரு காலம், அச்சடித்து விற்றது ஒரு காலம். பழைய செதுக்குப் படங்களை, அதாவது என்கிரேவிங் படங்களைப் பார்க்கப் பழகுபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கறுப்பு வெள்ளையில் நுணுக்கமாக இருப்பதால் பழைய புகைப்படம் மாதிரி ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவர் வரைந்தது போலவே தோன்றும். இங்கே வரைந்தவருக்கும் நடந்ததற்கும் இடையில் 194 வருடங்கள்.

அன்று நடந்தது என்ன

ஸ்ட்ராஃபோர்ட் 1633 முதல் அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்து ஆட்சி செய்தவர். திறமைசாலி, கடுமையானவர். அரசருடைய வருமானத்தைக் கூட்டினார், படையைச் சீராக்கினார், எதிர்த்தவர்களை நசுக்கினார். கால்வே பகுதி நிலங்களுக்கு அரசர் உரிமை கோரியபோது, உள்ளூர் நடுவர் குழு அதற்குச் சம்மதிக்கவில்லை. குழுவில் இருந்தவர்கள் மீது பெருந்தொகை அபராதம் விழுந்தது. இப்படி அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் அவருக்கு எதிரிகள் பெருகினார்கள். மக்கள் வாயில் அவர் பெயர் 'கறுப்பு டாம்'.

1640ல் ஸ்காட்லாந்துப் போரில் அரசர் தோற்றார். பணம் இல்லை, நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் வழியில்லை. கூடிய நாடாளுமன்றம் முதலில் கை வைத்தது ஸ்ட்ராஃபோர்ட் மேல். நவம்பர் 11ஆம் தேதி அவர் பிடிபட்டார். அடுத்த மார்ச் மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு, ராஜத் துரோகம்.

இங்கேதான் சிக்கல். ராஜத் துரோகம் என்றால் அரசருக்கு எதிராகச் செய்வது. இவரோ அரசர் சொன்னதைச் செய்தவர், அரசருக்காகவே செய்தவர். முக்கியமான சாட்சியம் ஒரு துண்டுக் குறிப்பு. அரசரின் ஆலோசனைக் கூட்டத்தில், அயர்லாந்தில் உள்ள படையைக் கொண்டுவந்து 'இந்த ராஜ்ஜியத்தை' அடக்கலாம் என்று ஸ்ட்ராஃபோர்ட் சொன்னதாக அரசரின் செயலாளர் மூத்த ஹென்றி வேன் எழுதி வைத்திருந்தார். எந்த ராஜ்ஜியம்? இங்கிலாந்தா, கலகம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்தா? கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் வேன் சொன்னதை உறுதிப்படுத்தவில்லை. துரோகக் குற்றத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், இருந்தது ஒருவர். ஸ்ட்ராஃபோர்ட் உடல் நலமில்லாத நிலையிலும் நாள்கணக்கில் நின்று தனக்காகத் தானே வாதாடினார். கேட்டவர்கள் சிலர் மனம் மாறினார்கள். வழக்கு கையை விட்டு நழுவுவதை எதிர்த்தரப்பு உணர்ந்துகொண்டது.

அப்புறம் அவர்கள் எடுத்த வழி வேறு. விசாரணையில் குற்றத்தை நிரூபிப்பதை விட்டுவிட்டு, 'இவர் குற்றவாளி, இவருக்கு மரணம்' என்று நேரடியாக ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். இதற்கு அட்டெய்ன்டர் மசோதா என்று பெயர். ஒரு மனிதரைக் கொல்வதற்கென்றே ஒரு சட்டம். ஏப்ரல் 21ஆம் தேதி பொதுச்சபையில் 204 பேர் ஆதரித்தார்கள், 59 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களுடைய பெயர்ப் பட்டியலை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று தலைப்பிட்டு ஊரில் ஒட்டினார்கள். பிரபுக்கள் சபையில் பலர் வராமலே இருந்துவிட்டார்கள், வந்தவர்கள் நிறைவேற்றினார்கள். மிச்சம் இருந்தது அரசரின் கையெழுத்து.

சார்லஸ் ஏப்ரல் 23ஆம் தேதி ஸ்ட்ராஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், உமது உயிருக்கோ மானத்துக்கோ உடைமைக்கோ கேடு வராது என்று அரசனின் வாக்காகவே கொடுத்திருந்தார். ஆனால் லண்டன் தெருக்களில் கூட்டம் திரண்டது. அரண்மனை வாசல் வரை கூச்சல் கேட்டது. அரசிக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து வருமோ என்ற பயம். மே 4ஆம் தேதி ஸ்ட்ராஃபோர்டே அரசருக்கு எழுதினார்: நீங்கள் கொடுத்த வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன், நாட்டில் அமைதி வர என் உயிர் உதவுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில். அரசர் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நினைத்து அதை எழுதினாரோ, அது அவருக்கே வெளிச்சம். மே 10ஆம் தேதி சார்லஸ் சம்மதம் கொடுத்தார். மறுநாள், இன்னும் 11 வயது நிறையாத இளவரசரைக் கடிதத்தோடு பிரபுக்கள் சபைக்கு அனுப்பிக் கருணை கேட்டுப் பார்த்தார். சாகத்தான் வேண்டுமென்றால் சனிக்கிழமை வரையாவது தள்ளிப்போடலாமே என்று கடிதத்தின் அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். யாரும் மசியவில்லை.

அரசர் சம்மதித்துவிட்டார் என்று தெரிந்தபோது, பிரபுக்களை, அதாவது ஆளும் அரசர்களை, நம்பாதீர்கள் என்ற பைபிள் சங்கீத வரியை ஸ்ட்ராஃபோர்ட் சொன்னதாக அந்தக் காலத்துப் பதிவுகள் கூறுகின்றன.

கடைசி இரவில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதே கோட்டையில் அடைபட்டிருந்த நண்பர் லாடைச் சந்தித்துப் பேச வேண்டும். நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் முடியாது என்று கோட்டை அதிகாரி சொல்லிவிட்டார். அதனால் ஐரிஷ் பேராயர் ஜேம்ஸ் அஷர் மூலம் லாடுக்குச் செய்தி போனது: இன்றிரவு எனக்காகப் பிரார்த்தியுங்கள், நாளைக் காலை நான் போகும்போது ஜன்னலருகே நின்று ஆசீர்வதியுங்கள். மறுநாள் காலை ஸ்ட்ராஃபோர்ட் அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து வணங்கினார். 67 வயது லாட் கைகளை உயர்த்தினார். ஆசீர்வாதம் முடிந்ததும் துக்கம் தாங்காமல் மயங்கி விழுந்தார்.

ஜனங்கள் உங்களைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வண்டியில் போகலாம் என்று அதிகாரி சொன்னதற்கு ஸ்ட்ராஃபோர்ட் மறுத்துவிட்டார். சாவின் முகத்தைப் பார்க்கத் துணிந்தவன் ஜனங்களின் முகத்தையும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். தண்டனை நடக்கும் இடமான, கோட்டைக்கு வெளியே இருந்த டவர் குன்றில் கூடியிருந்த கூட்டம் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று அன்றைய மதிப்பீடு. அவருக்கு வயது 48.

அதே நாளுக்கு இன்னொரு படம்

1641லேயே லண்டனில் இந்த மரண தண்டனைக்கு ஒரு அச்சுப் படம் வந்தது. செய்தவர் ப்ராக் நகரில் பிறந்த வென்செஸ்லாஸ் ஹாலர். அரண்டெல் பிரபுவின் ஆதரவில் இங்கிலாந்துக்கு வந்தவர். ஸ்ட்ராஃபோர்டின் விசாரணைக்குத் தலைமை தாங்கியவரும் அதே அரண்டெல் பிரபுதான்.

ஹாலரின் படத்தில் கண்ணீரும் இல்லை, ஜன்னலும் இல்லை. தூரத்தில் கோட்டை. நடுவில் ஒரு மரமேடை. மேடையைச் சுற்றித் தலை தலையாக, எள் போட இடமில்லாத கூட்டம். மேடைமேல் நிற்பவர்கள் விரல் நகம் அளவுகூட இல்லை. யார் யார் என்று தெரிவதற்காக அவர்கள் பக்கத்தில் எழுத்துகளைப் போட்டு, ஓரத்தில் விளக்கம் எழுதியிருக்கிறார்: இவர் பேராயர் அஷர், இவர்கள் லண்டன் ஷெரிஃப்கள், இவர் ஸ்ட்ராஃபோர்ட், இவர்கள் அவருடைய உறவினர்களும் நண்பர்களும். செய்தித்தாளில் வரும் விளக்கப் படத்தின் வேலையை அது செய்கிறது. எங்கே நடந்தது, யார் இருந்தார்கள், எவ்வளவு கூட்டம் என்பதுதான் அதற்கு முக்கியம்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாலரிடம் கூட்டம்தான் நாயகன், அமைச்சர் ஒரு புள்ளி. டெலரோஷிடம் அமைச்சர் படத்தை நிறைத்துக்கொள்கிறார், கூட்டத்தையே காணோம். அந்த மனிதரின் சாவைக் கேட்டுக் கத்திய ஒரு லட்சம் பேரை டெலரோஷ் படச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்ற முடிவிலேயே படம் பாதி பேசிவிடுகிறது. வரலாற்றுப் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, இதில் யார் இல்லை என்பதைத்தான்.

சரி, இந்த இரண்டும் செய்முறையிலும் வேறு வேறு. ஹாலர் பயன்படுத்தியது எச்சிங். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு, ஊசியால் அந்தப் பூச்சில் மட்டும் வரைந்து, அப்புறம் அமிலத்தில் இடுவார்கள். பூச்சு போன இடங்களை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பேனாவால் வரைவது போல வேகமாக வரையலாம். சுடச்சுடச் செய்தி சொல்ல ஏற்ற முறை. செதுக்கு முறையில் அந்த வேகம் கிடையாது.

தகட்டில் கோடு எப்படி விழுகிறது

செதுக்குபவரின் கருவி சின்ன உளி. பியூரின் என்பார்கள். சதுரமான எஃகுக் கம்பியின் நுனியைச் சாய்வாகத் தீட்டியிருக்கும். பின்னால் உள்ளங்கையில் அடங்கும்படி உருண்டை மரப்பிடி. அதை உள்ளங்கையில் வைத்து முன்னோக்கித் தள்ள வேண்டும். ஏர் மண்ணைக் கீறிச் சால் ஓட்டுவது போல அது உலோகத்தைக் கீறிக்கொண்டு போகும், முன்னால் மெல்லிய செப்புச் சுருள் எழும். அழுத்தினால் சால் ஆழமாகவும் அகலமாகவும் விழும், அழுத்தத்தைக் குறைத்தால் மெலிந்து கூர்மையாக முடியும். அதனால் ஒரே கோடு நடுவில் பருத்து இரண்டு முனையிலும் சிறுத்து இருக்கும். எச்சிங் கோட்டுக்கும் செதுக்குக் கோட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை.

வளைந்த கோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை. மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் தகட்டை வைத்து, உளி பிடித்த கையை ஏறக்குறைய அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தகட்டைத் திருப்புவார்கள். கீறலின் இருபுறமும் எழும் பிசிறைச் சுரண்டி எடுப்பார்கள். தப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டால் அழிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்து, தகட்டின் பின்னாலிருந்து தட்டி மேடாக்கி, மறுபடி மெருகிட்டுத்தான் புதிதாக வெட்ட முடியும்.

செதுக்குத் தகட்டுக்கு மை இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். நடுவில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒரு மை கிடையாது. ஆகவே எல்லா நிழலையும் கோட்டால்தான் உண்டாக்க வேண்டும். ஸ்ட்ராஃபோர்டின் கறுப்பு உடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடுகள் நெருங்கிப் போகின்றன, அவற்றைக் குறுக்காக இன்னொரு அடுக்கு வெட்டுகிறது, மடிப்பு உள்வாங்கும் இடத்தில் மேலும் ஒரு அடுக்கு. கோடுகள் துணி போகும் திசையிலேயே வளைந்து போவதால் அது துணி என்று நம் கண் ஏற்றுக்கொள்கிறது. மேலே ஜன்னலிலிருந்து வரும் கைகளைப் பாருங்கள். வெள்ளைச் சட்டைக் கைகளில் மெல்லிய கோடுகள் சிலவே இருக்கின்றன. மிச்சமெல்லாம் அச்சாகாத வெறும் தாள். இருட்டான சுவரில் அந்த வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. வண்ணமே இல்லாத படத்தில் உங்கள் கண் நேராக அந்தக் கைகளுக்குப் போவதற்குக் காரணம் இதுதான்.

முகத்துக்கும் தோலுக்கும் இன்னொரு உத்தி உண்டு. குறுக்குக் கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது நடுவில் சாய்சதுரக் கட்டங்கள் உருவாகும் அல்லவா, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்னப் புள்ளி வைப்பார்கள். தள்ளி நின்று பார்த்தால் புள்ளியும் கோடும் கலந்து மிருதுவான சருமமாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வலையும் புள்ளியும்தான். ஒரு கன்னத்துக்கு இத்தனை உழைப்பு என்றால் முழுப் படத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய தகடு ஒன்றை முடிக்கப் பல வருடங்கள் ஆவது சாதாரணம். ஸ்ட்ராஃபோர்ட் ஓவியத்துக்கும் அதன் அச்சுக்கும் இடையில் ஐந்து வருட இடைவெளி இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அச்சடிக்கும்போது தகடு முழுக்க மை தடவி, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்துவிடுவார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். நனைத்துப் பதமாக்கிய தாளை மேலே வைத்து, கம்பளித் துணி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே பலமாக நசுக்கி இழுப்பார்கள். ஈரத்தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வரும். அதனால் நல்ல அச்சில் கோடுகள் தாளுக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும், விரலால் தடவினால் சில சமயம் தெரியும். தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு பள்ளமான சட்டமாகப் பதிந்துவிடும்.

அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. ஓவியத்தில் உள்ளபடியே தாளில் வர வேண்டுமென்றால் தகட்டில் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்க வேண்டும். பல செதுக்குக் கலைஞர்கள் மூல ஓவியத்தின் படியைக் கண்ணாடியில் பார்த்தபடியே வேலை செய்தார்கள். அவசரமாகத் தயாரான படங்களில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட, வாளை இடது கையில் பிடித்த வீரர்கள் வந்துவிடுவார்கள்.

செம்பு மிருதுவானது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் நசுக்கும்போதும் மெல்லிய கோடுகள் தேயும். முதல் சில நூறு படிகள் செழிப்பாக வரும், அதன்பின் வெளிறத் தொடங்கும். 1820களில் எஃகுத் தகடு புழக்கத்துக்கு வந்த பிறகு ஆயிரக்கணக்கில் அடிக்க முடிந்தது. படங்கள் மலிவாகி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். கீழே பெயரெல்லாம் பொறிப்பதற்கு முன்பே எடுக்கும் முதல் படிகளைத் தனியாக அதிக விலைக்கு விற்பார்கள். கோடு தேயாத புத்தம் புதிய படி என்பதால் சேகரிப்பவர்கள் அவற்றுக்குப் போட்டி போட்டார்கள்.

பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலேய அமைச்சர்மேல் என்ன அக்கறை

டெலரோஷ் இங்கிலாந்து வரலாற்றையே திரும்பத் திரும்ப வரைந்தவர். டவரில் அடைபட்ட சிறுவர்கள், பின்னாளில் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸின் சவப்பெட்டியைத் திறந்து பார்க்கும், அவரை எதிர்த்து வென்ற கிராம்வெல், கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுக்கட்டையைக் கைகளால் துழாவும், சில நாள் மட்டும் அரசியாக இருந்த ஜேன் கிரே. கடைசியாகச் சொன்ன ஓவியம் இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அதன் முன்னால் கூட்டம் குறைவதே இல்லை. ஸ்ட்ராஃபோர்ட் ஓவியத்தை 1837ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்தார். அதன்பின் அவர் அந்தக் கண்காட்சிக்கு எதையும் அனுப்பவில்லை. ஓவியத்தை சதர்லண்ட் பிரபு வாங்கினார்.

பிரான்சில் இந்தக் கதை யாருக்கும் அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1793ல் அவர்களும் தங்கள் அரசரைக் கொன்றிருந்தார்கள். முந்தின நாள் மாலை பதினாறாம் லூயி தன் மனைவி பிள்ளைகளிடம் விடைபெற்ற காட்சி, அந்த வருடமே லண்டனில் அச்சுப் படமாக விற்பனைக்கு வந்தது. அப்புறம் 1830 ஜூலையில் இன்னொரு புரட்சி. பத்தாம் சார்லஸ் முடியைத் துறந்து இங்கிலாந்துக்கு ஓடினார், அவருடைய அமைச்சர்கள் மாட்டிக்கொண்டார்கள். தலைமை அமைச்சர் பொலினியாக்கும் வேறு மூவரும் டிசம்பரில் விசாரிக்கப்பட்டபோது, அவர்கள் தலை வேண்டும் என்று பாரிஸ் கூட்டம் தெருவில் கத்தியது. ஆயுள் சிறையோடு அவர்கள் தப்பினார்கள்.

சார்லஸ் என்ற அரசர், அவர் பேச்சைக் கேட்டு நடந்த அமைச்சர், தலையைக் கேட்கும் கூட்டம். ஐந்தே வருடத்துக்கு முன்னால் சொந்த ஊரில் பார்த்ததை 1641க்குக் கொண்டுபோய் வைத்து டெலரோஷ் வரைந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைத்து வரைந்தாரோ இல்லையோ, கண்காட்சியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நினைப்பு வராமல் இருந்திருக்க வழியில்லை. மூன்று காலங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதில் நடுக் காலத்துக்கு இவ்வளவு எடை இருக்கிறது. ஓவியர் பழைய கதையைத் தேடிப் போவது தன் காலத்துக் காயத்துக்காகத்தான், பெரும்பாலும்.

மூன்றாவது காலம் வியாபாரத்தின் காலம். மூல ஓவியம் ஒரு பிரபுவின் மாளிகைச் சுவருக்குப் போய்விட்டது. அதை நேரில் பார்க்கக் கூடியவர்கள் கொஞ்சம் பேர். அச்சுப் படம்தான் ஊர் ஊராகப் போனது. பாரிஸின் கூப்பில் என்ற பதிப்பாளர் டெலரோஷ் படங்களை அச்சடித்து விற்பதைப் பெரிய தொழிலாகவே வளர்த்தார், பின்னாளில் லண்டன், நியூயார்க், ஹேக் என்று கிளைகள் வைத்தார். 1869ல் ஹேக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த 16 வயதுப் பையன் ஒருவன் இப்படிப்பட்ட படங்களை எடுத்து அடுக்கி விற்றுக்கொண்டிருந்தான். வின்சென்ட் வான்கோ.

கோடரியை விட்டு விடைபெறலை ஏன் வரைந்தார்கள்

இந்த மாதிரிப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. தண்டனை பெற்ற பெரிய மனிதரைக் காட்டுவார்கள், தண்டனையைக் காட்ட மாட்டார்கள். எட்டாம் ஹென்றியால் 1535ல் கொல்லப்பட்ட தாமஸ் மோர் என்றால், காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொள்ளும் மகள் மார்கரெட்டை வரைவார்கள். 1683ல் தலை வெட்டப்பட்ட வில்லியம் ரஸ்ஸல் பிரபு என்றால் அவர் மனைவி ரேச்சல் வருவார். விசாரணையின்போது கணவருக்காகக் குறிப்பெடுத்துக் கொடுத்தவர் அவர். மனைவி போன பிறகு, சாவின் கசப்பு முடிந்துவிட்டது என்றாராம் ரஸ்ஸல்.

காரணம் ஒன்று வெளிப்படையானது. வீட்டுக் கூடத்தில் மாட்டுகிற படத்தில் வெட்டிய தலை இருந்தால் யார் வாங்குவார்கள்? இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. விடைபெறும் காட்சியில் அரசியல்வாதி தந்தையாக, கணவராக, நண்பராக மாறிவிடுகிறார். அவர் என்ன செய்தார் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. ஸ்ட்ராஃபோர்ட் படத்தில் கால்வேக்காரர்கள் கட்டிய அபராதம் இல்லை, வேனின் துண்டுக் குறிப்பு இல்லை. மண்டியிட்ட ஒரு மனிதரும் இரண்டு கைகளும் மட்டுமே. படம் ஒரு வாதம், மென்மையான வாதம் என்பதால் அதை எதிர்த்துக் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும், அந்தக் கைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் அயர்லாந்தில் அவருடைய ஆட்சியில் நிலம் பறிபோகும் நிலையில் இருந்தவர் வீட்டுச் சுவரில் இது தொங்கியிருக்காது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

லாட் முகத்தை மறைத்ததும் பெரிய துணிச்சல். மயங்கி விழும் கிழவரின் முகத்தைக் காட்டியிருந்தால் படம் அழுகையாக முடிந்திருக்கும். முகம் இல்லாததால் அந்தக் கைகளுக்கு உரியவரும் சிறையில்தான் இருக்கிறார் என்பது உறைக்கிறது. அவருக்கும் அதே வழிதான்: 1645 ஜனவரி 10ஆம் தேதி, அதே டவர் குன்றில், அதே மாதிரி அட்டெய்ன்டர் சட்டத்தால். 1649 ஜனவரி 30ஆம் தேதி சார்லஸ் வெட்டுமேடையில் நின்றபோது, தான் அனுமதித்த ஓர் அநியாயத் தீர்ப்புக்கு இப்போது தனக்கு ஓர் அநியாயத் தீர்ப்பு தண்டனையாக வந்திருக்கிறது என்றார். பெயர் சொல்லவில்லை. யாரைச் சொன்னார் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

இனி நீங்கள் பார்க்கும்போது

ஒரு பழைய செதுக்குப் படம் கையில் கிடைத்தாலோ, அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் பார்த்தாலோ, படத்தை விட்டுவிட்டு முதலில் கீழ் விளிம்புக்குப் போங்கள். பெரும்பாலும் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், அதோடு 'பின்க்ஸ்' என்ற சுருக்கம். அவர் ஓவியத்தைத் தீட்டியவர். 'டெல்' என்று இருந்தால் கோட்டோவியமாக வரைந்தவர். வலது ஓரத்தில் 'ஸ்கல்ப்' என்று முடியும் பெயர் செதுக்கியவருடையது. 'எக்ஸ்குட்' என்று இருந்தால் வெளியிட்டவர். எல்லாம் லத்தீன் சுருக்கங்கள், ஐரோப்பா முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். இங்கிலாந்தில் வெளியான படமாக இருந்தால் தேதியும் முகவரியும் இருக்க வாய்ப்பு அதிகம். 1735ல் வந்த பதிப்புரிமைச் சட்டம், உரிமை வேண்டுமென்றால் உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட தேதியையும் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது.

அந்தத் தேதியைப் படத்தில் நடக்கும் சம்பவத்தின் தேதியோடு வைத்துப் பாருங்கள். சில வாரங்கள்தான் வித்தியாசம் என்றால் அது ஹாலரின் படம் மாதிரி, செய்திக்காகப் போட்டது. அப்போதுகூட வரைந்தவர் நேரில் பார்த்தார் என்று அர்த்தமில்லை, கேள்விப்பட்டு வரைந்ததாகவும் இருக்கலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் வித்தியாசம் என்றால், வரைந்த வருடத்தில் அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தேடிப் படிப்பது நல்லது.

அப்புறம் தாளைப் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தம் பதிந்த பள்ளம் இருக்கிறதா? விளிம்பை வெட்டிச் சட்டம் போட்ட படிகளில் அது போயிருக்கும், பெயர்களும் சேர்ந்தே போயிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும், கோட்டின் முனைகளைப் பாருங்கள். கூர்மையாக மெலிந்து முடிந்தால் உளி வேலை. மொண்ணையாக நின்றால் அமில வேலை. பெரிய தகடுகளில் இரண்டும் கலந்தே இருப்பது வழக்கம். மரம், சுவர் போன்றவற்றை அமிலத்தில் வேகமாக முடித்துக்கொண்டு முகத்தையும் கையையும் உளிக்கு விடுவார்கள். கோடே இல்லாமல், ஒரே சீராக வரிசை கட்டிய புள்ளிகள் மட்டும் தெரிந்தால் அது பின்னாளில் புகைப்பட முறையில் அடித்த நகல். அதிலும் படம் அதே படம்தான், பார்த்துப் பழக அதுவே போதும். விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால் மட்டும் இந்த வித்தியாசம் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.